கழலாத போல்ட், கொட்ட முடியாத ஆயில்

ஆயில் மாற்றத் தேவையே இல்லாத காரை டுசல்டோர்ஃப் நகரம் ஒரு காலத்தில் செய்துகொண்டிருந்தது. டெரன்டோர்ஃப் பகுதியில், ஆயுதங்கள் செய்த ரைன்மெட்டல்-போர்சிக் நிறுவனத்தின் பழைய ஆலைக் கட்டடங்களில், 1950இல் ஆட்டோ யூனியன் நிறுவனம் டி.கே.டபிள்யூ. கார்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. எல்லாம் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். லூனாவுக்கும் பழைய ஸ்கூட்டருக்கும் பெட்ரோல் பங்க்கில் ‘டூ-டி ஆயில்’ கலந்து போட்ட தலைமுறைக்கு விளக்கம் தேவைப்படாது: ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்துவிடும். அடியில் ஆயில் சம்ப் கிடையாது, டிரெயின் போல்ட் கிடையாது, மாற்றி எடுத்து வைக்கப் பழைய ஆயிலும் கிடையாது. ‘3=6’ என்று பெயரிலேயே கணக்குப் போட்ட மாடல் ஒன்றும் இந்த ஆலையிலிருந்து வந்தது. மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குச் சமம் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. அந்தக் கணக்கில் விடுபட்டது ஒன்று உண்டு. கலந்து ஊற்றிய ஆயில் எங்கே போயிற்று? நீலப் புகையாகத் தெருவுக்கும், தெருவில் நடந்தவர்களின் நுரையீரலுக்கும் போயிற்று. 1960களின் தொடக்கத்தில் அந்த ஆலை டைம்லர்-பென்ஸ் கைக்கு மாறி, வேன்கள் செய்யும் இடமானது. இன்று அங்கே மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் உருவாகிறது. அதன் எஞ்சின் அடியில் பல லிட்டர் ஆயில் நிற்கிறது, அதைத் தாங்கும் சம்ப் இருக்கிறது, கெடு வந்தால் எடுத்தே ஆக வேண்டும். டூ-ஸ்ட்ரோக் காலத்தில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியை இந்த எஞ்சின்கள் நம் காலடியில் ஒரு பாத்திரத்தில் பிடித்துக் கொடுக்கின்றன.

காரின் ஆயிலைத் தானே மாற்றலாமா என்று யோசிக்கும் ஒருவர், போல்ட்டைக் கழற்றி மாட்டத் தெரியுமா என்றுதான் பெரும்பாலும் தன்னைக் கேட்டுக்கொள்கிறார். அது தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. போல்ட் கழலாமல் அடம்பிடித்தால் எந்த இடத்தில் நிறுத்துவேன்? கழன்று வந்த ஐந்து லிட்டர் கறுப்புத் திரவத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன்? இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே பதில் வைத்திருப்பவர் டுசல்டோர்ஃபில் தாராளமாக ஆயில் மாற்றலாம், மாற்றவும் வேண்டும் என்பது என் கட்சி. ஜெர்மன் சட்டமும், இந்த நகரத்தின் தண்ணீரும், எஞ்சினுக்கு அடியில் நடக்கும் பௌதிகமும் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. பதில் இல்லாதவர் பட்டறைக்குப் பணம் கட்டுவதே எல்லாருக்கும் நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த எஞ்சினியர்களும், 1980களிலிருந்து இங்கே வேரூன்றிய ஈழத் தமிழ்க் குடும்பங்களும் இந்த விஷயத்தை முதலில் நம் ஊர்க் கணக்கோடுதான் பார்க்கிறார்கள். நம் ஊரில் காரோ பைக்கோ வைத்திருப்பவர் தானே ஆயில் மாற்றாததற்குக் காரணம் அறியாமை அல்ல, விலை. முக்குக்கு முக்கு ஒரு மெக்கானிக் ஷெட். வண்டியை விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். கூலி, ஊற்றிய ஆயிலின் விலையில் ஒரு பங்குதான். ஜெர்மனியில் இந்தக் கணக்கு தலைகீழ். நகரப் பட்டறைகளில் ஒரு மணி நேரக் கூலி நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம், கம்பெனியின் சொந்தப் பட்டறை என்றால் அதற்கும் மேலே. ஆயிலையும் கடை விலைக்குக் கொடுப்பதில்லை. கேனில் வாங்கும் அதே ஆயில் பட்டறையின் பில்லில் லிட்டருக்கு இரண்டு மூன்று மடங்காகி நிற்கும். அதனால்தான் இங்கே வந்த சில வருடங்களில் ஒருவர் கேரேஜ் ஸ்பேனர் செட்டைத் தள்ளுபடியில் பார்த்துவிட்டுக் கை துறுதுறுவென்று நிற்கிறார். துறுதுறுப்பு நல்லதுதான். ஆனால் நம் ஊர் ஷெட்டில் நாம் பார்க்காமலே விட்ட இன்னொரு பாதி உண்டு. மெக்கானிக் பையன் வடித்த பழைய ஆயில் ஒரு டின்னில் சேர்ந்து, சென்டரிங் வேலைக்காரர்களிடம் போய், கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பலகைகளில் பூசப்பட்டது. கொஞ்சம் கரையானுக்கு எதிராக மரக்கால்களில் ஏறியது. மிச்சம் ஷெட் வாசல் மண்ணைக் கறுப்பாக்கியது. கூலி மலிவாக இருந்ததில் அந்த மண்ணின் விலையும் அடங்கியிருந்தது. இந்தியாவிலும் 2024 ஏப்ரல் முதல், ஆயிலைத் தயாரித்து விற்பவர்களே பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது முக்கு ஷெட் வரை இறங்க இன்னும் காலம் பிடிக்கும்.

போல்ட்டுக்கு வருவோம். ஒரு டிரெயின் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கார் கம்பெனி சொல்லும் அளவு பெரும்பாலும் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கும். முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை அது. ஓர் அரிசி மூட்டை அளவுகூட இல்லை. ஆனாலும் வீட்டில் ஆயில் மாற்றப் படுத்த பலர் முதல் நாளே தோற்பது இந்தப் போல்ட்டிடம்தான். அதற்குக் காரணம் கடைசியாக மாட்டிய கை. ‘கசிந்துவிடக் கூடாதே’ என்ற பயத்தில் யாரோ ஒருவர், பெரும்பாலும் அவசரத்திலிருந்த ஒரு பட்டறைக்காரர், இரண்டு மடங்கு முறுக்கியிருப்பார். அல்லது ஒருமுறை நசுங்கினால் முடிந்துபோகும் செம்பு வாஷரை மாற்றாமல் மறுபடி போட்டு, கசிவை வெறும் பலத்தால் அடக்கியிருப்பார். பிடிவாதமான போல்ட் என்பது முந்தைய கையின் கையெழுத்து. அதைப் படிக்காமல் அழிக்கப் பார்ப்பவர் செய்வது நமக்குத் தெரிந்ததே: ஸ்பேனர் மேல் ஒரு மீட்டர் பைப்பை மாட்டி ஏறி நிற்பது. அதே 12 கிலோ இப்போது 120 நியூட்டன் மீட்டர். போல்ட் இரும்பு, சம்ப் பல கார்களில் அலுமினியம். இரண்டும் மோதினால் எது தோற்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். போல்ட் கழன்று வரும், கூடவே சம்ப்பின் மரையும் வெள்ளிச் சுருளாக வரும். மரை கழன்றவர் என்று ஒருவரைத் திட்டும் மொழி நம்முடையது. அன்று மாலை அந்தத் திட்டு பொருள் மாறாமல் வீட்டுக்கு வரும்.

பலத்துக்குப் பதில் பயன்படுபவை மூன்று: திசை, வெப்பம், நேரம். திசையைச் சொல்லவே வெட்கமாக இருக்கும், ஆனால் அடியில் படுத்து மேலே பார்க்கும்போது மூளை குழம்புகிறது. கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கியவர்கள் ஏராளம். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். வெப்பத்தின் கதை சுவாரசியம். ஒரு டிகிரி சூட்டுக்கு இரும்பு நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது, அலுமினியம் சுமார் 23 பங்கு. சம்ப் சூடாகும்போது அதிலுள்ள ஓட்டை, அதற்குள் இருக்கும் போல்ட்டை விட வேகமாகப் பெரிதாகிறது. எனவே பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வேலையைத் தொடங்குவது ஆயில் இளகி வடிவதற்காக மட்டும் இல்லை. போல்ட்டும் தன் பிடியைத் தளர்த்துகிறது. மூன்றாவது நேரம். இரும்பு துருவாகும்போது பருமனில் பல மடங்கு வீங்குகிறது; மரைக்கு நடுவிலிருக்கும் முடியளவு இடைவெளியைத் துரு இட்டு நிரப்பிப் பூட்டிவிடுகிறது. குளிர்காலத்தில் ஜெர்மன் சாலைகளில் தூவும் உப்பு, காருக்கு அடியில் மாமல்லபுரம் கடற்கரையை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். துரு இளக்கும் ஸ்ப்ரே இந்த இடைவெளிக்குள் ஊர்ந்து போக வேண்டும். ஊர்வதற்கு அது எடுத்துக்கொள்வது நிமிடங்கள் இல்லை, ஒரு இரவு. பக்கத்து ஊரான டூயிஸ்பர்க்கின் கரம்பா கம்பெனி விற்பது இந்த வகைச் சரக்கு. எல்லாரும் கையில் எடுக்கும் டபிள்யூ.டி.-40, 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காகப் பிறந்தது. அதன் பெயரிலேயே அது இருக்கிறது. துருவோடு சண்டை போடுவது அதன் முதல் தொழில் இல்லை.

கழற்றுவதில் இன்னும் சின்னச் சின்ன நுணுக்கங்கள் உண்டு. பன்னிரண்டு மூலை சாக்கெட் மூலைகளைச் சுரண்டும், ஆறு மூலை சாக்கெட் தட்டைப் பக்கங்களைப் பிடிக்கும். தலை ஏற்கெனவே மழுங்கிய போல்ட்டுக்கு இந்த வித்தியாசம் உயிர். அசையாத போல்ட்டைக் கழற்றும் முன் ஒரு முடியளவு இறுக்கிப் பார்ப்பது விநோதமாகத் தோன்றும், ஆனால் துருவின் ஒட்டு எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும். தொடர்ந்து அழுத்துவதை விட, ஸ்பேனர் பிடியில் உள்ளங்கையால் ஒரு சின்ன அடி நன்றாக வேலை செய்யும். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. உலகமெங்கும் போல்ட்டுகளைக் கழலவிடாமல் செய்வதற்கென்றே விற்கும் லாக்டைட் பசை, 1997இலிருந்து ஹென்கெல் நிறுவனத்துக்குச் சொந்தம். பெர்சில் சோப்புத் தூளின் ஹென்கெலேதான். தலைமையகம் டுசல்டோர்ஃபின் ஹோல்ட்ஹவுசன் பகுதியில். காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் பசை அது. அதிலும் கனமான ரகம் போட்ட போல்ட்டை இருநூறு டிகிரிக்கு மேல் சூடாக்காமல் கழற்ற முடியாது. பிரேக் காலிப்பர் போன்ற இடங்களில் போல்ட் அசையாவிட்டால், துருவா பசையா என்று முதலில் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். பசைக்கு எத்தனை இரவு ஸ்ப்ரே அடித்தாலும் பயனில்லை. அடம் எல்லாம் ஒரே வகை அடம் இல்லை.

வேலையின் வரிசைதான் பலரைக் கவிழ்க்கிறது. ஆயிலை வடித்துவிட்ட பிறகு ஃபில்டர் கழலவில்லை என்றால், அந்தக் கார் ஓர் அங்குலம் நகர முடியாது. வடிப்பதற்கு முன் ஃபில்டர் கொஞ்சம் அசைகிறதா என்று பார்த்துவிட்டால் இந்தக் கண்ணி இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் என்றால் இன்னும் கண்டிப்பு: ஊற்றும் துளையின் மூடி திறக்கிறது என்று உறுதியாகும் வரை வடிக்கும் மூடியைத் தொடக் கூடாது, காலி கியர்பாக்ஸும் திறக்காத மூடியுமாக நிற்பது போன்ற நிராதரவு வேறில்லை. ஜெர்மனியில் இதற்கு ஒரு நாள்காட்டிப் பரிமாணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. சனிக்கிழமை மாலை ஐம்பது சென்ட் வாஷர் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் திங்கள் காலை வரை பஸ்ஸிலும் டிராமிலும்தான். வாஷர், ஃபில்டர், தேவைப்பட்டால் புதுப் போல்ட் எல்லாம் கையில் இல்லாமல் ஸ்பேனரைத் தொடாதிருப்பது இங்கே பாதி வித்தை. ஃபில்டரிலும் ஒரு பொறி: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று. கிளப்பிய சில நிமிடங்களில் ஆயில் முழுக்கப் பீய்ச்சி அடித்துவிடும். ஸ்குரூ டிரைவரை ஃபில்டருக்குள் குத்தித் திருப்பும் பழைய வித்தை, பாதித் தடவை தகரத்தைக் கிழிப்பதில் முடிகிறது. பெல்ட் போன்ற ஃபில்டர் சாவி சில யூரோக்கள்தான்.

அப்படியென்றால் எங்கே நிறுத்துவது? என் கணிப்பில் கோடு இது: சரியான சாக்கெட், சூடான எஞ்சின், ஒரு இரவு ஸ்ப்ரே, சாதாரண நீள ஸ்பேனரில் ஒரு கையின் முழு விசை. இவ்வளவுக்கும் அசையாத போல்ட்டைத் தொடாமல், ஆயிலையும் வடிக்காமல், காரை அப்படியே ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். இதில் அவமானம் எதுவும் இல்லை. வடிக்காத கார் பட்டறை வரை ஓடும். மரை போன கார் டோ வண்டியில்தான் போகும். மரை போனாலும் உலகம் முடிவதில்லை. பழைய மரையைக் குடைந்து எடுத்து, எஃகுச் சுருளை உள்ளே பதிக்கும் ஹெலிகாயில் வேலை பட்டறைகளுக்குப் பழக்கமானது. அதற்கு மேல் போனால் புது சம்ப். ஆனால் அந்த பில், நீங்கள் பல வருடம் ஆயில் மாற்றி மிச்சப்படுத்திய பணத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

எங்கே வைத்துச் செய்வது என்பது அடுத்த சிக்கல். பொதுத் தெருவில் ஆயில் மாற்றுவதை ஜெர்மன் நகரங்கள் அனுமதிப்பதில்லை. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கும் நாடு இது; தரைக்கு அடியிலுள்ள பார்க்கிங்கில் வீட்டுக்காரரின் விதிகளும் தீப்பாதுகாப்பு விதிகளும் கையைக் கட்டுகின்றன. தனி வீடும் தளம் போட்ட கேரேஜும் உள்ளவர் அதிர்ஷ்டசாலி. மற்றவர்களுக்கு ஜெர்மனி கண்டுபிடித்த வழி ‘மீட்-வெர்க்ஷ்டாட்’: வாடகைப் பட்டறை. மணிக்கு இவ்வளவு என்று கட்டினால், காரைத் தூக்கும் லிஃப்ட், டூல்கள், ஆயில் பிடிக்கும் தொட்டி, பக்கத்தில் கேட்டால் சொல்ல ஓர் ஆள். டுசல்டோர்ஃப் சுற்றுவட்டாரத்தில் இவை உண்டு. ஜாக்கி மட்டும் முட்டுக்கொடுத்த காருக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. லிஃப்ட் அந்த ஆபத்தை ஒரே அடியில் நீக்குகிறது. அங்கே நின்றபடி போல்ட்டை நேருக்கு நேர் பார்க்கலாம், திசைக் குழப்பமும் போய்விடும். கடைசி இரண்டு சுற்றை விரலால் கழற்றுவதை நின்று பார்ப்பதே ஒரு பாடம். கட்டைவிரல் போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்புகிறது. மரை முடிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அந்த நொடியில் கை பக்கவாட்டில் விலக வேண்டும். ஆயில் முதலில் நேராகக் கொட்டாது, ஒரு முழம் தள்ளி வளைந்து விழும். தொட்டியை நேர் கீழே வைத்தவர் தரையைத் துடைப்பார். வேகம் குறையக் குறைய அந்த வளைவு உள்வாங்கி, கடைசியில் நூலாகி, சொட்டாகி நிற்கும்போது தொட்டியை இரண்டாம் தடவை நகர்த்த வேண்டும்.

இனி அந்தத் தொட்டியில் இருப்பது. புது ஆயிலை விடப் பழைய ஆயில் மோசமானது. எஞ்சினுக்குள் எரிந்த மிச்சங்களோடு பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் அதில் சேர்கின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. கையுறை போடச் சொல்வது நாகரிகத்துக்காக அல்ல. தரையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டுசல்டோர்ஃபில் தனி அர்த்தம் இருக்கிறது. இந்த நகரம் ரைன் நதிக்கரைக் கிணறுகளிலிருந்து குடிக்கிறது. தெற்கே ஃப்ளேஹே என்ற இடத்தில் 1870இல் முதல் நீர்நிலையம் தொடங்கியதிலிருந்து அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான்: ஆற்று நீர் கரையின் மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் ஊடாக மெல்ல ஊறி வருகிறது, வழியில் நுண்ணுயிர்களே பாதி வேலையைச் செய்கின்றன, இன்று கிணற்றில் இறைத்த பிறகு ஓசோனும் கரியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. மண்தான் இங்கே முதல் வடிகட்டி. 1986 நவம்பர் 1 அன்று பாசெல் அருகே சாண்டோஸ் கிடங்கு எரிந்து, அணைத்த தண்ணீரோடு டன் கணக்கில் நஞ்சு ரைனில் கலந்தபோது, ஆறு சிவப்பானது, விலாங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, கீழே நதியோரத்து நீர்நிலையங்கள் இறைப்பதை நிறுத்த வேண்டி வந்தது. ஒரு கேன் ஆயில் சாண்டோஸ் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு லிட்டர் ஆயில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் குடிக்க முடியாததாக்கும் என்று ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லும் வாக்கியம் இப்படிப்பட்ட ஊரில் வெறும் மிகைப்படுத்தல் இல்லை. மழைநீர்க் குழாய் தனியாக ஓடும் பகுதிகளில், தெருவோரச் சாக்கடைத் துளையில் ஊற்றியது சுத்திகரிப்பு நிலையம் பக்கமே போகாமல் ஓடைக்குப் போகும். நீரைக் கெடுப்பதற்கு ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை; கவனக்குறைவாகச் செய்தாலும் மூன்று வருடம் வரை.

மிரட்டலோடு நின்றிருந்தால் அந்தச் சட்டமும் நம் ஊர் எச்சரிக்கைப் பலகைகளைப் போல ஆகியிருக்கும். ஜெர்மனி செய்தது வேறு. 1968 டிசம்பரில் பழைய ஆயிலுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, புது ஆயில் மேல் ஒரு தீர்வை வைத்து, அந்தப் பணத்தில் பழையதைச் சேகரிக்க ஏற்பாடு செய்தது. பின்னால் அது 1987இன் பழைய ஆயில் விதிகளாக மாறியது. இன்று நடைமுறையிலுள்ள விதி எளியது: எஞ்சின் ஆயிலையோ கியர் ஆயிலையோ பொதுமக்களுக்கு விற்கும் கடை, விற்ற அளவுக்குப் பழைய ஆயிலை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆயிலோடு ஃபில்டர், ஆயில் ஊறிய துணி போன்ற, இந்த வேலையில் வழக்கமாகச் சேரும் கழிவுகளும் அதில் அடக்கம். ஆன்லைனில் விற்பவருக்கும் இதே கடமை. ஆக, ஐந்து லிட்டர் வாங்கிய ‘கஸன்போன்’ என்ற ரசீதுத் துண்டுதான் இந்த வேலையின் முதல் டூல்; ஸ்பேனர் இரண்டாவது. அந்த வெப்பக் காகிதத்தில் எழுத்து ஒரு கோடையில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைப்பது புத்தி. திருப்பிக் கொடுக்கும் ஆயிலில் பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், தின்னர் எதுவும் கலந்திருக்கக் கூடாது. கலப்பில்லாத பழைய ஆயிலை மறுபடி சுத்திகரித்து அடிப்படை ஆயிலாக்கும் ஆலைகள், லோயர் சாக்சனியின் டோல்பெர்கன் போன்ற இடங்களில் இயங்குகின்றன. கலந்துவிட்டால் அந்த வழி அடைபடும். மிச்சம் பிடித்த ஒரு டப்பாவில் எல்லாக் கழிவையும் கொட்டும் நம் சமையலறைப் பழக்கம் இங்கே செல்லாது.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, சிலது வலுவானவை. முதலாவது பணம். வாடகைப் பட்டறைக்கு ஒரு மணி நேரம், நல்ல ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்தால், வண்டியைப் பொறுத்து வருடத்துக்கு நூறு யூரோ பக்கம் மிஞ்சும். ஒரு சனிக்கிழமை காலையின் விலை அதை விட அதிகம் என்று நினைப்பவரோடு நான் வாதாடப் போவதில்லை. பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் கருத்தும். குறைந்த விலைக்கு முடித்துத் தரும் சின்னப் பட்டறைகள் உண்டு, நம் ஆயிலைக் கொண்டுபோனால் ஊற்றித் தருபவர்களும் உண்டு. ஆனால் காருக்கு அடியில் வருடம் ஒருமுறை பார்ப்பதில் பணத்தில் வராத லாபம் இருக்கிறது. துருப்பிடித்த பிரேக் பைப், கிழிந்த ரப்பர் பூட், எங்கிருந்தோ வரும் ஈரம், இவையெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ‘டூஃப்’ பரிசோதனையில்தான் முதன்முதலாகத் தெரிய வேண்டும் என்று விதியில்லை. ஆயில் சொட்டும் கார் அங்கே ஸ்டிக்கர் வாங்காமல் திரும்பலாம்.

இரண்டாவது, வாரண்டி. இதில் எதிர்த்தரப்புக்குப் பாதி நியாயம். வேறு பட்டறையில் சர்வீஸ் செய்ததற்காக வாரண்டியை மறுப்பதை ஐரோப்பிய விதிகள் ஏற்பதில்லை. ஆனால் நீங்களே மாற்றியதற்கு முத்திரை கிடையாது. தகராறு என்று வந்தால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். கம்பெனி வாரண்டி இருக்கும் வரை பட்டறையே சரி. ஆயிலின் ரகத்திலும் இதே கறார் வேண்டும். டீசல் துகள் ஃபில்டர் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த ரகம் ஊற்றாவிட்டால் அந்த விலையுயர்ந்த ஃபில்டர் அடைபடும். கடையில் ‘5டபிள்யூ-30’ என்ற எண்ணை மட்டும் பார்த்து எடுப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அது கனத்தைச் சொல்லும், ரகத்தைச் சொல்லாது. ஃபோக்ஸ்வாகன் காருக்கு 504 00, 507 00 போன்ற அங்கீகார எண் கேனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைத்தான் வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது வாதம் சுற்றுச்சூழலின் பெயரில் வருகிறது: ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் சிந்துவதை விட, பத்துப் பட்டறை ஒழுங்காகச் செய்யட்டுமே. எனக்கு இதுதான் மிகவும் மதிக்கத்தக்க எதிர்ப்பு. இதற்குச் சட்டமே பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். பட்டறைதான் ஒரே வழி என்றால், கட்ட முடியாதவர் இருட்டில் செய்வார்; இருட்டில் வடித்த ஆயிலுக்கு ரசீது இராது. விற்கும் கடையையே திரும்ப வாங்கவும் வைத்ததால், வெளிச்சத்தில் செய்பவருக்குச் செலவில்லை. நம்மிடையே இன்னொரு பாதி இருட்டும் உண்டு. கைராசிக்காரர் ஒருவர் இருந்தால், “அண்ணை, என்ர காரையும் ஒருக்காப் பாருங்கோவன்” என்று வரிசை நீளும். அண்டை அயலுக்கு உதவியாகச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. அதுவே காசு வாங்கித் தொடர்ந்து செய்யும் தொழிலானால், கார் மெக்கானிக் தொழிலுக்கு மைஸ்டர் தகுதி கேட்கும் நாட்டில் அது கள்ள வேலை. பத்துக் கார் ஆயில் சேர்ந்த வீட்டு கேரேஜில் ரசீதுக் கணக்கும் உதைக்கும்.

எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டால் இதெல்லாம் பழங்கதைதானே என்பது கடைசி. மோட்டாருக்கு மாற்ற வேண்டிய எஞ்சின் ஆயில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஜெர்மனியில் ஓடும் கார்களின் சராசரி வயது பத்தைத் தாண்டிவிட்டது. இன்று விற்கும் பெட்ரோல் கார் 2040ஐப் பார்க்கும். எலெக்ட்ரிக் காரின் பிரேக்கோ, அதிகம் அழுத்தப்படாததாலேயே துருப்பிடித்து ஒட்டுகிறது. அடம்பிடிக்கும் போல்ட்டுக்கு ஓய்வு இல்லை.

வேலை முடிந்த மாலையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். புது வாஷர், டார்க் ஸ்பேனரின் ‘டிக்’, டிப் ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கு நடுவே தேன் நிற ஆயில். பழைய ஃபில்டரைத் தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்தால் இரவு முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும். காலையில் பார்த்தால் இன்னும் ஒரு டம்ளர் சேர்ந்திருக்கும். புது ஆயில் வந்த கேன்தான் பழைய ஆயிலைக் கொண்டுபோக நல்லது. மூடியைத் திருகி, பழையது என்று மேலே மார்க்கரில் எழுதி, ஃபில்டரை இரண்டு பையில் சுற்றி, திங்கட்கிழமை காலை கடையின் பின்பக்கக் கதவுக்குப் போக வேண்டும். அங்கே நிற்பவர் கேனைத் தூக்கிப் பார்ப்பார், மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்ப்பார், அப்புறம் கையை நீட்டுவார். ரசீதுக்கு.